காலேஜு என்றொரு தலைக்கட்டு

போன மாதம் எங்கள் பாலிடெக்னிக்கிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் என்னைப் பார்க்க வந்திருந்தார். சமூக சேவையை இப்போது மதிப்பெண் உள்ள பாடமாகவே ஆக்கிவிட்டார்களாம். கிராமத்துக்குப் போய் வந்த மாணவர் என்ன கற்றுக்கொண்டார், அந்தக் கிராமத்துக்கு என்ன கிடைத்தது என்று இரண்டு தலைப்புகளில் ஆசிரியர் எழுதித் தரவேண்டுமாம்.

“மொதல் முகாம் நடத்துனது நீங்கதானாமே சார். கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேணும். அந்த ரெண்டு தலைப்புலயே இருந்தா எங்களுக்கும் சுலபமா இருக்கும்” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அந்த இரண்டு தலைப்பின் கீழும் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. தேதி கேட்டால் சொல்வேன். இளவயதிலிருந்தே தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்த்துக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கல்வெட்டுப் பாடங்கள், பழைய ஜில்லா வரலாறுகள், வெள்ளைக்காரத் துரைமாரின் பயணக் குறிப்புகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில் வந்த பழக்கம். ஆனால் ஒரு காரியம் எந்த நாளில் நடந்தது என்று தெரிவது வேறு, என்ன நடந்தது என்று தெரிவது வேறு. 1972 பங்குனியில், அதாவது விரோதிகிருது வருடம் முடிகிற நேரத்தில், பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காததையே எழுதித் தருகிறேன். தலைப்பை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையம்பட்டியில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் சிவில் டிப்ளமா படித்தேன். சில வருடம் ரோடு போடுகிற வேலையில் வெயிலில் நின்றேன். அறுபதுகளின் நடுவில் பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் நடத்தச் சேர்ந்தேன். ஓய்வு பெறுகிறவரை அதே பாடம்தான்.

அந்தக் காலத்தில் சேவை முகாம் கிடையாது. சர்வே முகாம் உண்டு. வருடா வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு திருச்சுழிப் பக்கமோ பரளச்சிப் பக்கமோ போய், ஓர் ஊரைச் சங்கிலி போட்டு அளந்து, படம் வரைந்து, மதிப்பெண் போட்டுவிட்டு வருவோம். சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்த கம்புகளை ஒருமுறை ஒரு கரிசல் காட்டில் நட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் போனால் எல்லாக் கம்புகளும் பிடுங்கப்பட்டு, ஊர் எல்லையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நிலத்தை எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். படிப்புக்காகத்தான் அளக்கிறோம் என்று விளக்கியதும் ஒருவர் கேட்டார்: “அளந்து என்ன செய்யப் போறீக?” படம் வரைவோம் என்றேன். “படத்த எங்களுக்குக் குடுப்பீகளா?” மாட்டோம், காலேஜில் வைப்போம் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப நீங்க எடுக்கத்தான வந்திருக்கீக” என்றார்.

அந்தக் கேள்வி மனதில் கிடந்தது. அதனால்தானோ என்னவோ, மாணவர்களைக் கொண்டு சேவை முகாம் நடத்தலாம் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தபோது நானாகவே போய்ப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்போதைய முதல்வரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஆற்றுப் பாசனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எதிரில் ஒருவர் நின்றால் அவரும் நிற்பார். யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார். ஆனால் மேஜையில் ஒரு பேனாக்கத்தியும் பென்சிலும் எப்போதும் இருக்கும். நாம் சொல்வது அவருக்கு ஒப்பவில்லை என்றால் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிடுவார். மெதுவாக, சுருள் சுருளாக, காகிதத்தின் மேல் சீவல் விழும்படி. நடுவில் கத்தியைக் கீழே வைத்தால் சம்மதம். நுனி கூர்மையாகிற வரை சீவினால் நாம் வெளியே போய்விட வேண்டியதுதான். ‘இன்னைக்கு எத்தன சீவல்?’ என்று ஆசிரியர் அறையில் கேட்டுக்கொள்வோம்.

முகாமுக்கு நான் தேர்ந்தெடுத்த கிராமத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மானாவாரி வெள்ளாமை; பருத்தியும் கம்பும். குடிக்க ஓர் ஊருணி. அந்த ஊருணித் தண்ணீரில் துணி துவைக்கமாட்டார்கள், கால் நனைக்கமாட்டார்கள். அது கெட்டால் உவர்க் கிணறுதான் மிச்சம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்கு அடுத்த ஊருக்கு நடக்கவேண்டும். ஊருணிக்கு வருகிற வரத்துக்கால் தூர்ந்து, பெய்கிற மழையில் பாதி வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. வரத்துக்காலைச் சீராக்கி, கரையை ஓரிடத்தில் வெட்டி, அங்கே வண்டல் படிய ஒரு தொட்டியும் கல்லில் ஒரு மடையும் கட்டித் தருவது எங்கள் திட்டம்.

முகாம் நாளை நான்தான் குறித்தேன். மூன்று பஞ்சாங்கம் பார்த்தேன். பண்டிகை, முகூர்த்தம், அமாவாசை எல்லாவற்றையும் தள்ளி, இறுதியாண்டு மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் முடியும்படி பத்து நாள் எடுத்தேன். ஊருணியில் தண்ணீர் அடியில் கிடக்கிற காலம். குறையே இல்லாத தேதி என்று நினைத்தேன்.

முதல் நாள் லெவல் கருவியைச் சோதித்தோம். இரண்டு முளை அடித்து, கருவியைச் சரியாக நடுவில் நிறுத்தி இரண்டு முளைக்கும் உயர வித்தியாசம் எடுக்கவேண்டும். பிறகு கருவியை ஒரு முளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து மறுபடி எடுக்கவேண்டும். இரண்டு வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் கருவி நேர்மையானது. இல்லையென்றால் திருகைத் திருத்திவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து. மாணவர்களுக்கு இது அலுப்பு. எனக்கு இதுதான் பாடம்: அளக்கிறதை முதலில் அளந்துகொள்ளவேண்டும்.

ஊர்த்தலைவர் குருசாமி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள்; சிரிக்காமல் பேசுவார். “இதுல என்ன சார் தெரியும்?” என்று கேட்டுக் கண்ணை வைத்தார். அந்தக் காலத்துக் கருவிகளில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அதே நேரம் கிழக்குத் தெரு ராக்காயி தலையில் குடத்தோடு எதிர்க்கரையில் போய்க்கொண்டிருந்தாள்.

“ராக்காயி தலகீழாப் போகுதே சார். கொடத்துல இருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தல” என்றார் குருசாமி.

அவள் காதில் விழுந்துவிட்டது. “கரையில நின்னு கையேந்தி வாங்குன தண்ணி மொதலாளி. தலகீழா நின்னாலும் சிந்த மனசு வராது” என்று சொல்லிக்கொண்டே போனாள். கிழக்குத் தெருக்காரர்கள் அப்போது ஊருணிப் படியில் இறங்கமாட்டார்கள். மேலே குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். இறங்கி எடுக்கிறவர்கள் ஊற்றினால் உண்டு. குருசாமி கருவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

வரத்துக்கால் வேலை நினைத்தபடி நடந்தது. கரையை வெட்டியதும்தான் சிக்கல். அடியில் சரளைப் பாறை தட்டிவிட்டது. இரண்டு நாளில் முடியவேண்டிய அஸ்திவாரம் இழுத்துக்கொண்டே போனது. முகாம் முடிய ஒரு நாள் இருக்கும்போது கரையில் இடுப்பளவு வெட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மடை முழங்கால் உயரத்தில் நின்றது. அந்த நிலையில் ஒரு கோடை மழை பெய்தால், சீர்செய்து வைத்திருக்கிற வரத்துக்கால் வழியாகவே கால்நடைச் சாணமும் உவர் மண்ணும் நேராக ஊருணிக்குள் இறங்கும். அந்த வருடத்துக் குடிதண்ணீர் போய்விடும். நாங்கள் போகாமல் இருந்திருந்தாலாவது பழைய கரை இருந்திருக்கும்.

இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ‘முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது அப்போதே எனக்கு வினோதமாக இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டு, வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டினார்கள். மாணவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது குருசாமி வந்தார்.

“எங்க சார் கெளம்புறீக?”

“முகாம் முடிஞ்சிருச்சே தலைவரே. பரீட்சை வருது.”

“காப்புக் கட்டியாச்சே சார். காப்பு அவுக்குற வரைக்கும் ஊர்க்காரவுக யாரும் ராத்திரி வெளியூர்ல தங்கக்கூடாது.”

“நாங்க வெளியூர்க்காரங்கதானே?”

“அது நேத்து வரைக்கும். கம்பம் நடும்போது ஊருக்குள்ள இருந்து, ஊருணித் தண்ணியக் குடிச்சவுக எல்லாம் ஊர்க்காரவுகதான். தமுக்கு அடிச்சது காதுல விழுகலையா?”

“விழுந்துச்சு.”

“பெறகென்ன?”

அந்த ஊரில் மூன்று வருடமாகத் திருவிழாவே இல்லை. மழை இல்லாத வருடத்தில் சாமி கும்பிடுவதில்லை என்று இருந்தார்கள். அந்த வருடமும் முன்மாரி, பின்மாரி இரண்டும் பொய்த்திருந்தன. இருந்தும் முந்தின நாள் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு சிறுபிள்ளை வெள்ளையை எடுத்துக் கொடுத்தால் அம்மன் உத்தரவு. வெள்ளை வந்துவிட்டது. ஆக, நான் பார்த்த மூன்று பஞ்சாங்கத்திலும் இல்லாத நாள் அது. யாரும் அச்சடிக்க முடியாத நாள்.

மாணவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. பெரும்பாலும் எல்லோருமே இந்தப் பக்கத்துப் பையன்கள். இறுதியாண்டு பால்ராஜ் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிற குடும்பம் அவனுடையது.

“என்னடா?” என்றேன்.

“காப்ப மீறி வீட்டுக்குப் போனா எங்கம்மா வாசல்லயே நிப்பாட்டித் திருப்பி அனுப்பிரும் சார்.”

“பரீட்சை?”

“பகல்ல போகலாம்ல சார்? ராத்திரி தங்கக்கூடாது, அவ்வளவுதான. மொத பஸ்ஸுல போயிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வந்துருவோம்.”

சரி, இருக்கிறதுதான் இருக்கிறோம், கரையையாவது முடித்துவிடலாம் என்று எனக்குத் தெம்பு வந்தது. மம்பட்டியை எடுக்கச் சொன்னேன். ஊர் ஆட்களையும் கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை.

“காப்புக் கட்டுனா மண்ணுல மம்பட்டி வைக்கக்கூடாது சார்” என்றார் குருசாமி.

நான் அவரிடமே கேட்டேன்: “எங்களப் போகவும் விடமாட்டீங்க, வேல செய்யவும் விடமாட்டீங்கன்னா கரைய எப்படி அடைக்கிறது?”

“நாங்கதான வைக்கக்கூடாது. நீங்க வைக்கலாமே. நீங்க வெளியூர்க்காரவுக.”

பால்ராஜ் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “அண்ணாச்சி, அப்ப நாங்க ராத்திரி ஊர்க்காரன், பகல்ல வெளியூர்க்காரனா?”

“ஆமா தம்பி. நீங்க பகல்ல காலேஜு, ராத்திரி வீடுன்னு ரெண்டு ஆளா இருக்கலையா?”

அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது. அதைத்தான் படிக்கத் தெரியவில்லை. வேலையை முடிக்கவைக்கத் திருவிழாவைக் கொண்டுவந்தாரா? அப்படியென்றால் மண்ணைத் தொடக்கூடாது என்று தன் ஆட்களையே ஏன் கட்டிப்போட வேண்டும்? பக்திதான் காரணம் என்றால், ஒரே மனிதனை வெளிச்சத்துக்கு ஒன்றாகவும் இருட்டுக்கு ஒன்றாகவும் எண்ணுகிற பக்தி எது?

அன்றே பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, முதல்வரிடம் போய் நின்றேன். அவரும் எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

“வெட்டு எவ்வளவு ஆழம்?”

“இடுப்பளவு சார்.”

சுருள் விழுந்தது. “மழை வருமா?”

“பங்குனி மழை சார். வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது.”

இன்னொரு சுருள். “காப்பு கட்டறப்ப பசங்க அங்க இருந்தாங்களா?”

“இருந்தாங்க சார்.”

பென்சில் முனை பட்டென்று ஒடிந்தது. அவர் ஒடிந்த முனையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கத்தி, பென்சில் இரண்டையும் இழுப்பறையில் போட்டு மூடினார். அப்படி அவர் செய்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

“பரீட்சைக்கு நேரத்துக்கு வந்துடுவாங்களா?”

“வந்துருவாங்க சார்.”

“சரி” என்றார். எதற்குச் சரி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து, இருட்டுவதற்குள் ஊருக்குள் போய்விட்டேன். என்னையும் அறியாமல் வேகமாக நடந்தேன் என்பது ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

அதன் பிறகு நடந்தது போல ஒரு கட்டட வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாணவர்கள் பாதிப் பேர் பரீட்சைக்குப் போவார்கள். மீதிப் பேர் மடை கட்டுவார்கள். ஊர் முழுக்கக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மண்ணைத் தொடமாட்டார்கள். கல்லை எடுத்துக் கொடுப்பார்கள். கல் மண் ஆகாது. சுண்ணாம்புச் சாந்துக்கு ராக்காயியும் கிழக்குத் தெருப் பெண்களும் உவர்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீரும் மண் ஆகாது. மண் வெட்டிப் பழக்கமில்லாத பையன்கள் கையில் கொப்புளத்தோடு வெட்டும்போது கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் வாய் மட்டும் சும்மா இருக்காது.

“ஏலே, மம்பட்டியப் பிடிக்கானா, பேனாவப் பிடிக்கானா பாரு.”

“நீங்க வந்து பிடிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி.”

“காப்பு மட்டும் இல்லன்னா பிடிச்சிருவோம்லே.”

காப்பு அவிழ்க்கிற செவ்வாய்க்கிழமை வந்தது. மடை எழும்பி நின்றது. அதன் இரண்டு பக்கமும் கரையோடு சேர்த்து மண் போட்டு இறுக்கவேண்டியது மட்டும் பாக்கி. மண்ணை வெட்டிக் கொட்டியிருந்தோம், கெட்டிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் மேற்கே கருத்தது. தூறலே இல்லை. எடுத்த எடுப்பில் கொட்டியது.

வரத்துக்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. இறுக்காத மண் முதல் அலையில் கரைந்துவிடும். அதோடு மடையும் பெயர்ந்து, எல்லாமாகச் சேர்ந்து ஊருணிக்குள் விழும். பையன்கள் மம்பட்டியைத் திருப்பிப் போட்டு அடித்தார்கள். ஈர மண் மம்பட்டியில் ஒட்டிக்கொண்டு வந்ததே தவிர இறுகவில்லை. கரையில் ஊர் நின்றது. இத்தனை பேர், இத்தனை கை. எல்லோரும் கட்டிப்போட்டது போல நின்றார்கள். குருசாமி தண்ணீரைப் பார்த்தார், கோயில் இருக்கிற திசையைப் பார்த்தார், அசையவில்லை.

அவரைப் பார்த்த அந்த நிமிடம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இது தந்திரம் இல்லை என்று. அந்த நிச்சயம் அப்போது இருந்தது, மறுநாளே போய்விட்டது.

“மம்பட்டிதான தொடக்கூடாது” என்றாள் ராக்காயி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“மிதிக்கக்கூடாதுன்னு யாரும் சொன்னாகளா? நெதமும் மிதிச்சுக்கிட்டுத்தான நடக்குறோம்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தாள். அவள் பின்னால் கிழக்குத் தெருப் பெண்கள் இறங்கினார்கள். அடுத்து யார் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. குருசாமி என்பார் சிலர். நான் பார்த்தபோது வெட்டு முழுக்கக் கால்களாக இருந்தன. யார் காலுக்குப் பக்கத்தில் யார் கால் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பையன்கள் மண்ணைத் தள்ளினார்கள், ஊர் மிதித்தது. தண்ணீர் வந்து மோதி, தொட்டிக்குள் சுழன்று, வண்டலைக் கீழே விட்டுவிட்டு மடை வழியாக ஊருணிக்குள் இறங்கியது. கரை நின்றது.

மழை ஓய்ந்து, பொழுது சாயுமுன் காப்பு அவிழ்த்துப் பங்கு கொடுத்தார்கள். அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தேங்காய் மூடியும் பொங்கலும் கொடுப்பது வழக்கம். வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்த குருசாமி, நடுவில், “காலேஜு” என்றார். எங்களுக்குப் புரியவில்லை. “காலேஜு தலைக்கட்டு, வந்து வாங்கிக்கிடுங்க” என்றார். பால்ராஜ் போய் வாங்கினான்.

எல்லாம் முடிந்த பிறகு, பேர் எதுவும் சொல்லாமல், “கெழக்குத் தெரு” என்று ஒரே குரல். அவர்கள் பந்தலுக்கு வெளியே நின்று மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். எல்லார் காலிலும் இன்னும் சேறு காயவில்லை.

“சார், அவுகளும் காப்புக்கு இங்கதான தூங்குனாக?” என்று பால்ராஜ் என் காதில் கேட்டான். தேங்காய் மூடியை அவன் கையில் வைத்துக்கொண்டே நின்றான். மறுநாள் நாங்கள் கிளம்பினோம். நன்றி என்று யாரும் சொல்லவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றுதான் சொன்னார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அடுத்த பங்குனியில் ஒரு புதன்கிழமை, பாலிடெக்னிக் வாசலில் குருசாமி வந்து நின்றார்.

“காப்புக் கட்டியாச்சு சார். எல்லாத் தலைக்கட்டும் ஊருக்குள்ள இருக்கு. காலேஜு தலைக்கட்டுக்கு ஆள் இல்ல.”

என்ன சொல்வது என்று தெரியாமல் அவரை முதல்வர் அறைக்குக் கூட்டிப்போனேன். முதல்வர் எழுந்து நின்று கேட்டார். பென்சிலைத் தொடவில்லை. “ஒருத்தர் தங்கினா போதுமா?” என்றார். “தலைக்கட்டுக்கு ஒருத்தர் போதும்” என்றார் குருசாமி. தினம் ஓர் ஆசிரியராகப் போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் தங்கினோம். கடைசி நாள் முதல்வரே என்னோடு பஸ் ஏறினார். போன வருடம் பங்கு கொடுத்த வரிசையைப் போகிற வழியில் அவரிடம் சொன்னேன். ஊருணியைப் போய்ப் பார்த்தார். ஆற்றுப் பாசனத்துக்காரர், மடைக் கல்லைத் தடவிப் பார்த்தார். கிழக்குத் தெருக்காரர்கள் மேலே குடத்தோடு நிற்பதையும் பார்த்தார். 

பங்கு கொடுக்கிற நேரம். குருசாமி வரிசையாகக் கூப்பிட்டார். நடுவில், “காலேஜு” என்றார்.

முதல்வர் எழுந்திருக்கவில்லை. எதிரில் ஒருவர் நிற்கும்போது உட்கார்ந்து நாங்கள் பார்த்தே இராத மனிதர், சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியும் ஒரு பென்சிலும் எடுத்து, துண்டை மடியில் விரித்து, சீவ ஆரம்பித்தார்.

 அந்தப் பந்தலில் அதன் பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு, ஏதோ எழுதப் போகிற ஒரு பெரிய மனிதர். குருசாமி தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுருள் சுருளாக விழுந்துகொண்டே இருந்தது. குருசாமி அந்தச் சீவலைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, அடுத்த தலைக்கட்டைக் கூப்பிட்டார். வரிசை முடிந்தது. “கெழக்குத் தெரு” என்றார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு, கடைசியாக, “காலேஜு” என்றார்.

முதல்வர் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து போய் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

குருசாமிக்குக் கோபமா, மரியாதையா? கூப்பிட்டதும் எழாதவரைக் கடைசிக்குத் தள்ளினாரா, அல்லது முதல்வர் கேட்காமல் கேட்டதைப் புரிந்துகொண்டாரா? முதல்வர் எதையாவது கேட்டாரா, அல்லது பென்சில் மழுங்கியிருந்ததா? பஸ்ஸில் வரும்போது கேட்டுப் பார்த்தேன். “தேங்காய் நல்லா முத்தின காய்” என்றார் அவர். பல வருடம் கழித்துக் குருசாமியிடம் வேறொன்றைக் கேட்டேன்: “எங்க வேலைக்காகத்தான் அந்த வருஷம் பூக்கட்டிப் பாத்தீகளா?”

“வெள்ளப் பூ வந்துச்சு சார்.”

“செவப்பு வந்திருந்தா?”

“வரலையே.”

கிழக்குத் தெருக்காரர்கள் ஊருணிப் படியில் இறங்கியது அதற்கும் வெகுகாலம் கழித்து. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை; எழுதமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்த ஊரில் காலேஜுதான் கடைசித் தலைக்கட்டு. இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதல்வர் பங்கு வாங்கிய அன்று சாயங்காலம் நாங்கள் பந்தலை விட்டு வெளியே வந்தபோது ராக்காயி எதிரில் வந்தாள். கையில் தேங்காய் மூடி. முதல்வரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து எங்களுக்குப் பின்னால ஒரு பேரக் கூப்புட்டுக் கேட்டதில்ல சார். இன்னைக்குத்தான் கேட்டேன்.”

மகிழ்ச்சியாகச் சொன்னாளா, எங்களுக்காக இரக்கப்பட்டுச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. மலர்க்குழுவின் இரண்டு தலைப்பில் இதை எதன் கீழ் சேர்ப்பது என்றும் தெரியவில்லை.

இந்த வருடமும் வெள்ளைப் பூ வந்துவிட்டதாகப் போன் வந்தது. அந்த இளம் விரிவுரையாளரையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். போர்வை எடுத்து வரட்டும்.